இரண்டு தையல்காரர்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. வயிற்றுப்போக்கு நின்ற இரண்டாவது வாரம் கால்கள் இரண்டும் வலுவிழந்தன. மதுரையில் சேர்த்தோம். கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் என்று சொல்லி ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் மருந்து ஏற்றினார்கள். "மயலின் உறை போயிருக்கிறது, வளர்ந்துவிடும்" என்கிறார்கள். என் நாத்தனாருக்கும் மயலின்தான் போனது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஆறு வருடமாக விட்டு விட்டு வருகிறது. இவருக்கும் அப்படியா? எண்ணெய் தேய்த்து நீவலாமா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: மயலின் என்பது நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் உறை. உறையின் பெயர் ஒன்றுதான் அம்மா, தைக்கிற ஆள் வேறு.

நரம்பு செல்லுக்குத் துணை நிற்பவை கிளியல் செல்கள். 1856இல் விர்ச்சோ 'பசை' என்ற பொருளில் வைத்த பெயர். பொருத்தமில்லாத பெயர் என்பேன். மூளையில் ஆஸ்ட்ரோசைட் ஊட்டம் பார்க்கிறது, மைக்ரோகிளியா குப்பை அள்ளுகிறது, எபென்டைமல் செல் மூளைநீர் அறைகளுக்கு உட்பூச்சு. உங்கள் கேள்விக்கு வேண்டியவர்கள் இரண்டு தையல்காரர்கள்.

மூளை, தண்டுவடத்தில் தைப்பது ஆலிகோடென்ட்ரோசைட். மதுரை புது மண்டபத்தில் முன்பு ஒரே மிஷினில் ஊருக்கே தைத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி: ஒரு செல் பல கைகளை நீட்டிப் பல இழைகளைச் சுற்றும். அது விழுந்தால் பல இடம் வெறுமையாகும். மறுபடி தைப்பது அரைகுறைதான். நாத்தனாருக்குப் பாதிப்பு இங்கே.

கை கால் நரம்புகளில் தைப்பது ஷ்வான் செல். ஓர் இழையில் ஒரு துண்டு, அவ்வளவுதான் அதன் பொறுப்பு. ஆனால் கெட்டிக்காரன். சிதைந்த உறையை அகற்ற உதவி, பெருகி, புதிதாகச் சுற்றிவிடும். வாரங்கள், சில மாதங்கள் ஆகலாம்.

உள்ளிருக்கும் இழையே அறுந்திருந்தால் கணக்கு மாறும். அதற்கும் ஷ்வான் செல்தான் வழி போட்டுக் கொடுக்கும், ஆனால் இழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை 40 சென்டிமீட்டர் என்றால் வருடம் தாண்டும். ஆகவே நரம்புக் கடத்தல் சோதனை அறிக்கையில் பாதிப்பு உறைக்கா, இழைக்கா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கில்லன்-பாரே பெரும்பாலும் ஒருமுறை வந்து போவது. எட்டு வாரம் கடந்தும் பலவீனம் கூடினால் வேறு நோயா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெய் மென்மையாகத் தடவலாம். இழுத்து நீவுவது, வெந்நீர் ஒத்தடம் இரண்டும் வேண்டாம். மரத்த காலில் சுட்டாலும் தெரியாது. பிசியோதெரபியை ஒருநாளும் விடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.