மிச்சிகனில் வேலியோரம் ஊசியிலைக் கன்று: ஜூன் வேண்டாம், ப்ளூ ஸ்ப்ரூஸும் வேண்டாம்

நண்பரே, காற்றைத் தடுக்க வேலியோரம் 40 ப்ளூ ஸ்ப்ரூஸ் (நீலச் சாயலுள்ள ஊசியிலை மரம்), மண்ணில்லாத வெறும் வேர்க் கன்றாக, ஜூனில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூன் வேண்டாம். இலையுதிர் மரம் மொட்டையாகத் தூங்கும்போது வந்து சேரும், ஆனால் ஸ்ப்ரூஸ் ஊசி போன்ற இலையோடு வருகிறது, ஊசி வழியே நீர் போய்க்கொண்டே இருக்கும், வேரோ வெறும் வேர், வெயில் ஏறினால் கதை முடிந்தது. ஏப்ரலில் நடுங்கள். உங்கள் கவுண்டியின் கன்சர்வேஷன் டிஸ்ட்ரிக்ட் (மண், நீர் வளத்தைக் காக்கும் உள்ளூர் அமைப்பு) வசந்தத்தில் கன்று விற்கும், ஆர்டரைக் குளிர்காலத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

அவர்களின் விற்பனைப் பட்டியலில் கன்றுகளுக்கு 2-0, 2-2 என்று எண் இருக்கும். முதல் எண் விதைப்பாத்தியில் வளர்ந்த ஆண்டுகள், அடுத்தது பிடுங்கி மறுபடி நட்டபின் வளர்ந்தவை. 2-2 விலை கூடுதல்தான், ஆனால் வேர் அடர்த்தியாக இருக்கும். உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

அப்புறம் ப்ளூ ஸ்ப்ரூஸ். மிச்சிகனின் ஈரத்தில் அதற்குப் பூஞ்சை நோய் வந்து கீழ்க்கிளைகள் ஊசி உதிர்ந்து மொட்டையாகிவிடும், காற்றைத் தடுப்பதே அந்தக் கிளைகள்தானே! நார்வே ஸ்ப்ரூஸ் எடுங்கள். ஆர்பர்விட்டே என்ற இன்னொரு பசுமை மாறா மரத்தை நட்டால் மான்களுக்குக் கல்யாண விருந்து.

கன்று வந்ததும் வேரை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடாதீர்கள். நான் முதல் தடவை 25 கன்றைப் புல்லில் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன், பாதி போச்சு. குழியை ஆழமாகவே தோண்டுங்கள், வேர் நுனி மேலே மடங்கக் கூடாது.