எந்த டிஸ்க் காத்திருக்கும்?

அன்புள்ள அண்ணா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தீபாவளி போனஸில் வீடியோ கேம் வாங்க 7,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் டிஸ்க் போடும் பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி) இருக்கிறது. இந்த 2025இல் கேம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. சில்க்சாங் செப்டம்பர் 4இலேயே வந்துவிட்டது. அக்டோபர் 2இல் கோஸ்ட் ஆஃப் யோட்டே, 10இல் பேட்டில்ஃபீல்ட் 6, நவம்பர் 14இல் கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 7. எதை வாங்குவது, எதை விடுவது?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

பணத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். நேரத்துக்கும் போட்டுப் பாருங்கள். ஆம்பூர் போய்த் திரும்பி, சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது மணி ஒன்பதாகிவிடும். வேலை நாளில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நான்கு என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரம். யோட்டேயைச் செய்தவர்களின் முந்தைய கேமான கோஸ்ட் ஆஃப் சுஷிமாவை ஊர் ஊராகச் சுற்றி நிதானமாக ஆடி முடிக்க எனக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்படி ஒரு கேமே உங்களுக்கு ஒரு மாதத்துக்குப் போதும்.

சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு வேலூரில் இரண்டு டிஸ்க் வாங்கி வந்தேன். ஒன்றை ஆடி முடிக்கவே மார்கழி ஆகிவிட்டது. மற்றதன் பிளாஸ்டிக் உறையை நகத்தால் கீறிப் பிரித்தது பொங்கல் விடுமுறையில்தான். விலை ஸ்டிக்கர் அதில் அப்படியே ஒட்டியிருந்தது. அதே டிஸ்க் அந்த வாரம் அதே கடையில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைத்தது. அந்த ஆயிரம் ரூபாய் இன்றும் என் மனதை உறுத்துகிறது.

ஆகவே, எது நன்றாக இருக்கும் என்பதை விட எது காத்திருக்கும் என்பதையே முதலில் பார்க்கச் சொல்வேன். யோட்டே போலத் தனியாக ஆடும் கதை காத்திருக்கும். காத்திருந்தால் மெருகும் ஏறும். சைபர்பங்க் 2077 என்ற கேம் வெளியானது 2020 டிசம்பர் 10இல். பிழைகள் மலிந்திருந்ததால் ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தார்கள். 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய திருத்தம் வந்த பிறகு அது வேறொரு கேமாகவே ஆகிவிட்டது. முதல் நாள் வாங்கியவரை விடப் பொறுத்து வாங்கியவருக்கே நல்லது கிடைத்தது, அதுவும் குறைந்த விலைக்கு.

கூடி ஆடுவது காத்திருக்காது. உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை வைகாசி முதல் நாளில்தான் பார்க்க முடியும். ஆனியில் போனால் வெறும் தெருதான் இருக்கும். ஆன்லைனில் பலர் சேர்ந்து சுட்டு ஆடும் பேட்டில்ஃபீல்டும் கால் ஆஃப் டூட்டியும் அப்படித்தான். முதல் சில வாரங்களில் எல்லோரும் புதியவர்கள், தோற்றாலும் உற்சாகம் குறையாது. ஆறு மாதம் கழித்துப் போனால் கைதேர்ந்தவர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் நண்பர்களில் மூன்று பேராவது வாங்கப் போகிறார்களா என்று இன்றே கேளுங்கள். ஆம் என்றால் அவர்கள் எடுப்பதையே எடுங்கள். இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் கட்டவேண்டும். உங்கள் 7,000 ரூபாயில் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் யாரும் வாங்கவில்லையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு யோட்டேயை எடுங்கள். முன்பதிவு வேண்டாம். வெளியாகிப் பத்து நாள் போகட்டும், ஆடியவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இந்த நெரிசலில் நல்ல கேம்கள் நசுங்கிப்போவதுதான் எனக்குத் தாங்காத விஷயம். 2016இல் டைட்டன்ஃபால் 2 என்ற கேம் அக்டோபர் 28இல் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, அதே வெளியீட்டாளரின் பேட்டில்ஃபீல்ட் 1. ஒரு வாரம் பின்பு ஒரு கால் ஆஃப் டூட்டி. டைட்டன்ஃபால் 2இன் கதைப் பகுதியை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். ஆனால் வந்த நேரத்தில் அது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. இப்போது சில்க்சாங்கின் தேதி தெரிந்ததும் பல சின்னக் குழுக்கள் தங்கள் கேம்களைத் தள்ளிவைத்துக்கொண்டன. அந்த சில்க்சாங்கையே ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்தார்கள். பெரிய கேம்கள் 70 டாலருக்கு விற்கும்போது அவர்கள் கேட்டது 20 டாலர். பெரியது எதை வாங்கினாலும் மீதிப் பணத்தில் இப்படிச் சின்னதாக ஒன்றை முழு விலை கொடுத்து வாங்குங்கள். உழைத்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

சின்ன கேமை டவுன்லோட் செய்து வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். டவுன்லோட் தொடங்கிவிட்டால் பிடிக்கவில்லை என்று பிளேஸ்டேஷன் கடையில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அதனால் யாராவது ஆடும் வீடியோவை அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெரிய கேமை மட்டும் டிஸ்காகவே வாங்குங்கள். முடித்ததும் கீறல் படாமல் பெட்டியில் வைத்திருந்தால் தை மாதத்தில் பழைய டிஸ்க் எடுக்கும் கடையில் கொடுத்து, இப்போது விட்டதை மாற்றிக்கொள்ளலாம். நண்பர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.