"உங்கள் வீட்டை வாங்க என்னிடம் ஆள் இருக்கிறது": அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் பதினோரு வருடமாக ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டாக இருக்கிறேன். போன வாரம் பேச்சுவாக்கில், வீடு தேடுகிறவர்களுக்காக நான் வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதுண்டு என்று சொன்னேன், அவ்வளவுதான், கேள்விகள் குவிந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால் இதே மாதிரிக் கடிதம் என் வீட்டுக்கும் மாதத்துக்கு இரண்டு வருகிறது, அதனால் இரண்டு பக்கமும் தெரியும். ஒன்று மட்டும் முதலிலேயே: சட்டத்துக்கு வக்கீல், வரிக்கு சிபிஏ என்கிற கணக்காளர். நான் சொல்வதை வைத்துக்கொண்டு அவர்களிடம் சரியான கேள்வி கேட்கலாம், அதற்கு மேல் என்னை நம்ப வேண்டாம்.

கேள்வி: அக்கா, மஞ்சள் தாளில் கையால் எழுதிய கடிதம் வந்திருக்கிறது. "உங்கள் தெருவில் வீடு தேடும் ஒரு குடும்பம் என்னிடம் இருக்கிறது" என்கிறார். உண்மையிலேயே குடும்பம் இருக்கிறதா, இல்லை சும்மா விடுகிறாரா?

பதில்: என் வீட்டுக்கு வந்தவற்றை வைத்துச் சொன்னால் பாதிக்கு மேல் சும்மாதான். ஆள் இருப்பதாகச் சொல்லி உங்களைப் பேச வைத்து, "அந்தக் குடும்பம் வேறு வீடு பார்த்துவிட்டது, ஆனாலும் உங்கள் வீட்டை நான் லிஸ்ட் பண்ணி, அதாவது விற்பனைக்கு விளம்பரம் போட்டு, விற்றுத் தருகிறேன்" என்று முடிப்பது பழைய வித்தை. ரியல்டர் சங்கம் என்ற, ஏஜென்ட்டுகளின் தேசியச் சங்கத்தின் நெறிமுறையில் 12-வது பிரிவு, விளம்பரத்தில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்கிறது, அதன்படி இது தப்பு. ஆனால் யார் போய்ப் புகார் கொடுக்கிறார்கள்?

சோதித்துப் பார்ப்பது எளிது. அந்த ஏஜென்ட்டுக்குப் போன் செய்து, "வாங்குபவர் உங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறாரா?" என்று கேளுங்கள். 2024 ஆகஸ்ட் 17 முதல், எம்எல்எஸ்ஸில் (ஏஜென்ட்டுகள் விற்பனை வீடுகளைப் பகிர்ந்துகொள்ளும் பட்டியல்) இருக்கும் ஏஜென்ட், வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு போய் வீடு காட்டும் முன்பே அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும், சங்கத்தின் மேல் நடந்த வழக்கு சமரசமானதில் வந்த விதி அது. ஆக உண்மையான ஆள் என்றால் பெரும்பாலும் காகிதம் இருக்கும். அடுத்து லோன் ப்ரீ-அப்ரூவல் (லோன் தருவதாக வங்கி முன்கூட்டியே சொன்னது) எவ்வளவுக்கு, எத்தனை படுக்கையறை வேண்டும், ஏன் இந்தத் தெரு என்று கேளுங்கள். நிஜமாக ஆள் வைத்திருப்பவர் தடுமாறாமல் சொல்லுவார். வாங்குபவரின் பெயர் உங்களுக்கு வேண்டாம், அதைக் கேட்காதீர்கள்.

"எந்த நிலையில் இருந்தாலும் ரொக்கம், ஏழு நாளில் முடித்துவிடலாம்" என்று வருவது வேறு ஜாதிக் கடிதம். கையெழுத்து மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலும் அது அச்சடித்ததுதான். அவர்களில் பலர் வீடு வாங்குவதே இல்லை. உங்களோடு குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தை இன்னொருவருக்குக் கூடுதலாக விற்றுவிடுவார்கள். வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் "அண்ட்/ஆர் அசைன்ஸ்" (அவரோ அவர் கைமாற்றிக் கொடுப்பவரோ) என்று இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வக்கீலைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் பெயர், வீட்டு விலாசம், எந்த வருடம் வாங்கினேன் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கிறது. எப்படித் தெரிந்தது? கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட ஒன்றுமில்லை, பத்திரமும் சொத்து வரிப் பதிவும் பொதுப் பதிவுகள். உரிமையாளர் பெயர், கடைசியாகக் கைமாறிய விலை, வரி ரசீது போகும் விலாசம் எல்லாம் அதில் கிடைக்கும். வரி ரசீது வேறு ஊருக்குப் போகிறது என்றால் வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று யூகிக்கிறோம். இருபது வருடமாகக் கைமாறவில்லை என்றால் பிள்ளைகள் வளர்ந்து போயிருப்பார்கள் என்று யூகிக்கிறோம்.

யூகம் தப்பும். தொழிலுக்கு வந்த புதிதில் பதிவில் இருந்த பெயருக்கு உற்சாகமாக ஒரு கடிதம் போட்டேன். அந்த அம்மா போன் செய்து, "அவர் போய் எட்டு மாதம் ஆகிறது, இன்னும் பெயர் மாற்றவில்லை" என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அதிலிருந்து பெயரோடு எழுதும் முன் இரங்கல் செய்திகளையும் ஒரு தடவை தேடிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் வாங்குபவர்கள். ஒன்றரை வருடமாக ஆஃபர் போட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். ஏஜென்ட்டைக் கடிதம் எழுதச் சொன்னால் "அதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்கிறார். உண்மையா மேடம்?

பதில்: பெரும்பாலும் ஆகாது, எப்போதாவது ஆகும். அந்த எப்போதாவதுக்காக எழுதலாம்.

வீடு ஏன் கிடைக்கவில்லை என்பதிலிருந்து பார்ப்போம். 2021 ஜனவரியில் முப்பது வருட லோன் வட்டி சராசரி 2.65 சதவீதம் வரை இறங்கியது, 2023 அக்டோபரில் 7.79-ஐத் தொட்டது. மூன்று சதவீதத்தில் உட்கார்ந்திருப்பவர், வேறு வீட்டுக்குப் புது வட்டியில் லோன் எடுக்க எதற்காக எழுந்து போவார்? அவருக்கு நீங்கள் எத்தனை கடிதம் போட்டாலும் குப்பைதான். அதனால் வட்டியைப் பற்றிக் கவலையே இல்லாதவர்களைத் தேட வேண்டும்: லோனை அடைத்து முடித்தவர்கள், படி ஏற முட்டி வலிக்கிறவர்கள், வாடகைக்காரரோடு மல்லுக்கட்டிச் சலித்தவர்கள். முழு ஊருக்கும் அடிக்காமல் அப்படிப்பட்ட எண்பது வீட்டுக்கு ஒரு தடவை எழுதினேன். மூன்று போன் வந்தது. ஒருவர் திட்டினார், ஒருவர் விலை மட்டும் கேட்டார், மூன்றாவது ஆளின் வீட்டை வாங்கினோம்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முக்கால் பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன வீடு தேடுகிறார்கள், எதில் விட்டுக்கொடுப்பார்கள் (பழைய சமையலறை பரவாயில்லை, கூரை பற்றிக் கவலையில்லை, இந்த மாதிரி), பணம் எப்படித் தயாராக இருக்கிறது, விற்பவருக்கு எந்தத் தேதி வசதியோ அதற்குக் காத்திருப்பார்களா, இவ்வளவுதான். கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்கிறது. நாற்பது வருடச் சாமானை எப்படிக் காலி செய்வது என்று மலைத்துப்போய் நிற்கிறவரிடம், "விற்ற பிறகும் இரண்டு மாதம் இங்கேயே இருங்கள், வேண்டாத சாமானை விட்டுவிட்டுப் போங்கள்" என்றால் அது காதில் விழும். நான் வாங்கித் தந்த அந்த மூன்றாவது வீட்டில் அதிக விலைக்காக அவர் போன் செய்யவில்லை, கேரேஜ் நிறைய இருந்த தச்சுச் சாமானுக்காகத்தான் செய்தார்.

கேள்வி: நம்ம ஆட்கள் நிறைய இருக்கும் தெருவாகப் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டேன், ஏஜென்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம்ம ஊர்க்காரர்தான். இதில் என்ன தப்பு?

பதில்: தம்பி, அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். 1968-இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டம், இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, பாலினம், உடற்குறை, வீட்டில் குழந்தைகள் இருப்பது ஆகியவற்றை வைத்து வீட்டு விஷயத்தில் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்து ஏஜென்ட் உங்களை ஒரு பக்கம் திருப்பினால் அது ஸ்டீரிங், லைசென்ஸுக்கே ஆபத்து. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அதே கதைதான். வீட்டுக்காரர்களின் கடைசிப் பெயரைப் பார்த்துக் கடிதப் பட்டியல் போடுவதும் இதே குழிதான்.

நீங்கள் செய்யக்கூடியது, எந்தத் தெரு, எந்தப் பள்ளி எல்லை, கோயிலிலிருந்து எத்தனை நிமிடம் என்று நீங்களே வரைபடத்தில் குறித்துக் கொடுப்பது. அங்கே இருக்கும் எல்லா வீட்டுக்கும் ஒரே கடிதத்தை அவர் அனுப்பலாம்.

கேள்வி: ஆஃபரோடு குடும்பப் போட்டோ, பாப்பா வரைந்த படம் எல்லாம் வைத்துக் கடிதம் கொடுத்தால் விற்பவர் மனம் இளகும் என்கிறார்களே?

பதில்: இளகும். அதுதான் பிரச்சினையே. போட்டோவில் உங்கள் நிறம், நெற்றிப் பொட்டு, குழந்தை எல்லாம் தெரிகிறது. அதைப் பார்த்து விற்பவர் உங்களுக்குக் கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு, தோற்ற இன்னொருவர் கேள்வி கேட்டால் விற்பவர் என்ன பதில் சொல்வார்? ரியல்டர் சங்கமே 2020-இல் இதைப் பற்றி எச்சரித்தது. கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி வரும் காட்சியை எழுதினால்கூட மதமும் குடும்ப நிலையும் அதிலேயே வந்துவிடுகிறது என்று அவர்களே உதாரணம் காட்டினார்கள்.

ஓரிகன் மாநிலம் 2021-இல் சட்டமே போட்டது, இப்படிப்பட்ட கடிதம் வந்தால் விற்பவரின் ஏஜென்ட் அதைத் தடுத்துவிட வேண்டும் என்று. அது நடைமுறைக்கு வந்து சில மாதத்திலேயே, 2022 மார்ச்சில், பேச்சுரிமையைக் காரணம் காட்டி ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. எழுதுவதைத் தடுக்க முடியவில்லை, சரி, ஆனால் 1968 சட்டம் அப்படியே நிற்கிறது. என் கட்சிக்காரர்களுக்கு நான் சொல்வது, வீட்டைப் பற்றி எழுதுங்கள், உங்களைப் பற்றி எழுதாதீர்கள். பின்புறம் இருக்கும் மேப்பிள் மரத்தைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், அது யாருடைய மதத்தையும் சொல்லாது.

கேள்வி: கடிதம் போட்ட ஏஜென்ட் ரொம்ப இனிமையாகப் பேசுகிறார், எனக்குத் தனியாக ஏஜென்ட் வேண்டாம், கமிஷன் மிச்சம் என்கிறார். அவர் யாருக்காக வேலை செய்கிறார்?

பதில்: வாங்குபவருக்காக. இனிமை இருக்கட்டும், உங்கள் அவசரம், உங்கள் குறைந்தபட்ச விலை எதையும் அவரிடம் சொல்லாதீர்கள், அது நேரே அடுத்த பக்கம் போகும், அதைக் கொண்டுபோய்ச் சொல்வதுதான் அவர் கடமை. இரண்டு பக்கமும் அவரே இருப்பது நியூ ஜெர்சியில் இருவரும் எழுத்தில் சம்மதித்தால் நடக்கும், ஃப்ளோரிடா, கொலராடோ மாதிரி மாநிலங்களில் அதற்கு அனுமதியே இல்லை. எனக்கு அது பிடிக்காது, நான் செய்வதும் இல்லை.

அவருடைய கமிஷனை யார் தருவது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் கேளுங்கள். 6,00,000 டாலர் வீட்டில் இரண்டு சதவீதம் என்றால் 12,000 டாலர், கடைசி நாளில் "அதை நீங்கள்தான்" என்று சொன்னால் வயிறு எரியும். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தைச் செலவழித்து ஒரு வக்கீலையும், வீட்டை மதிப்பிட்டு விலை சொல்லும் ஒரு அப்ரைசரையும் வையுங்கள். இங்கே ஏஜென்ட் தயாரிக்கும் ஒப்பந்தத்துக்கு மூன்று வேலை நாள் வக்கீல் பார்வைக்கு அவகாசம் உண்டு, அதைக் கோட்டை விடாதீர்கள்.

கேள்வி: ஸ்டாம்ப் செலவு எதற்கு, நாங்களே நடந்து போய் மெயில்பாக்ஸில் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. தபால் கட்டணம் இல்லாத எதையும் மெயில்பாக்ஸில் போடுவது ஃபெடரல் சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. கதவைத் தட்டிக் கையில் கொடுங்கள், இல்லை ஸ்டாம்ப் ஒட்டுங்கள்.

கேள்வி: நான் திருச்சிக்கே திரும்பி நாலு வருடம் ஆகிறது. எச்1பி-யில் இருந்தபோது வாங்கிய நியூ ஜெர்சி வீட்டில் வாடகைக்காரர் இருக்கிறார். ஒரு ஏஜென்ட் இங்கே திருச்சி விலாசத்துக்கே கடிதம் போட்டிருக்கிறார்! விற்கலாமா?

பதில்: திருச்சி வரை ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறார் என்றால் அவரிடம் ஆள் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் விஷயத்தில் ஆளை விட வரி முக்கியம். நீங்கள் இப்போது வரிக் கணக்கில் வெளிநாட்டவர், ஆகவே ஃபிர்ப்டா என்ற சட்டப்படி வாங்குபவர் விற்பனை விலையில் பொதுவாக 15 சதவீதம் பிடித்து அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும். லாபத்தில் இல்லை, மொத்த விலையில். அவர் தானே குடியிருக்க வாங்கி, விலை 3,00,000 டாலருக்குள் என்றால் பிடித்தம் இல்லாமல் போகலாம், அதற்கு மேல் பத்து லட்சம் டாலர் வரை 10 சதவீதம். இது வரி இல்லை, முன்பணம். அடுத்த வருடம் 1040-என்ஆர் என்ற வெளிநாட்டவருக்கான வரிப் படிவம் தாக்கல் செய்து அதிகப்படியைத் திரும்ப வாங்கலாம், அதுவரை காசு மாட்டிக்கொள்ளும். உண்மையான வரி குறைவு என்று தெரிந்தால் குளோசிங்குக்கு (விற்பனை முடிந்து வீடு கைமாறும் நாள்) முன்பே 8288-பி படிவம் போட்டுக் குறைக்கச் சொல்லலாம். இது போக நியூ ஜெர்சிக்கும் வெளியூர்க்காரர் என்ற முறையில் விலையில் குறைந்தது 2 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும்.

அப்புறம், விற்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் சொந்தமாக அந்த வீட்டில் குடியிருந்தால் ஒரு ஆளுக்கு 2,50,000 டாலர் லாபம் வரை விலக்கு உண்டு. நீங்கள் போய் நாலு வருடம் ஆகிவிட்டதால் அது கைநழுவிவிட்டது. இதைப் படிக்கும் மற்றவர்கள் யாராவது ஊருக்குக் கிளம்பும் முன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தமும் வீட்டோடு சேர்ந்தே கைமாறும், வாங்குபவர் அதற்குச் சம்மதமா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். திருச்சியில் உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை, அங்கேயும் கணக்குக் காட்ட வேண்டும்.

கேள்வி: என் வீடு ஏற்கெனவே லிஸ்டிங்கில் இருக்கிறது. வேறு ஏஜென்ட் "என்னிடம் வாருங்கள்" என்று எழுதுகிறார்.

பதில்: ஊருக்கெல்லாம் போன பொதுக் கடிதம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் போர்டைப் பார்த்து உங்களுக்கென்றே எழுதியிருந்தால் நெறிமுறையின் 16-வது பிரிவுக்கு எதிரானது, கடிதத்தை உங்கள் ஏஜென்ட் கையில் கொடுங்கள், மீதியை அவர் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: "அக்கம்பக்கம் மாறிக்கொண்டு வருகிறது, விலை இறங்கும் முன் விற்றுவிடுங்கள்" என்று ஒரு கடிதம் வந்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பதில்: இருக்கத்தான் செய்யும். இன்ன இனம், இன்ன மதத்தார் வருகிறார்கள் என்று பயமுறுத்தி விற்க வைப்பதற்கு பிளாக்பஸ்டிங் என்று பெயர், முன்பு கறுப்பினத்தவர் குடிவருவதைச் சொல்லி வெள்ளையரிடம் மலிவாக வாங்கி, வந்தவர்களுக்குக் கொள்ளை விலையில் விற்றார்கள். அதைத் தடுக்க அதே 1968 சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. "மாறிக்கொண்டு வருகிறது" என்று மறைத்துப் பேசுவதால் தப்பித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தைக் கிழிக்காமல் கவரோடு வைத்துக்கொண்டு ஹட் என்ற ஃபெடரல் வீட்டு வசதித் துறைக்குப் புகார் அனுப்புங்கள், ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வெறுமனே தொல்லை என்றால், அந்த ஏஜென்ட்டுக்கு மேலே பொறுப்பில் இருக்கும் புரோக்கருக்கு ஒரு மெயில் போதும், பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று அக்கா. உண்மையான ஆள், நல்ல விலை சொல்கிறார். போர்டு வைக்காமலே விற்றுவிடவா, இல்லை லிஸ்டிங் போடவா?

பதில்: வாங்குபவருக்காக எழுதும் நானே சொல்கிறேன், பணம்தான் முக்கியம் என்றால் லிஸ்டிங் போடுங்கள். ஒரே ஆள் சொல்லும் விலை நல்ல விலையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நாலு பேர் மோதினால்தான் தெரியும். சனி ஞாயிறு செருப்பைக் கழற்றாமல் நாற்பது பேர் உள்ளே நடப்பது, நாய், வயதான அப்பா, பெயின்ட் அடிக்கும் செலவு, இதெல்லாம் வேண்டாம் என்பதற்கு உங்கள் மனதில் ஒரு விலை இருந்தால் அதைக் கழித்துப் பாருங்கள். அப்ரைசர் சொன்னதற்கும் ஆஃபருக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். யோசிக்க இரண்டு வாரம் கேளுங்கள். என்னிடம் ஒரு தாத்தா இரண்டு வாரம் என்று சொல்லி இரண்டு வருடம் கழித்துக் கூப்பிட்டார், அதே கடிதம் ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதிய அந்தக் குடும்பம் அதற்குள் வேறு வீடு வாங்கிவிட்டது, ஆனால் அடுத்த குடும்பம் என்னிடம் காத்திருந்தது.