வைக்கோல் வளைவில் நடந்ததை வீட்டில் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 62. மன்னார்குடி பக்கம் கிராமம். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஒன்றரை வேலி நிலம் இருக்கிறது. பையன் சென்னையில். என்னிடம் மூன்று மோட்டார் சைக்கிள்கள்: 1987-இல் சம்பா நெல் விற்ற பணத்தில் அப்பா வாங்கித் தந்த ராஜ்தூத் 350, 1994-இல் என் சம்பளத்தில் வாங்கிய ஆர்எக்ஸ் 100, ஓய்வு பெற்றபோது வாங்கிய டியூக் 390. விடியற்காலையில் நீடாமங்கலம், தஞ்சாவூர் என்று ஒரு சுற்று போய்வருவேன். மனசு வந்தால் கோடியக்கரை வரைக்கும் போவேன். போன தை மாதம் பாமணியாற்றங்கரை வளைவில் வைக்கோல் மேல் டியூக் சறுக்கி விழுந்துவிட்டேன். கணுக்கால் வீங்கியதோடு சரி. கேட்டில் இடித்துக்கொண்டதாக வீட்டில் சொல்லிவிட்டேன். எட்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. மூன்றையும் விற்றுவிடச் சொல்லிப் பையன் நச்சரிக்கிறான். விற்றால் அன்றைக்கே கிழவனாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எப்போது விட வேண்டும்? அதற்கு அடையாளம் உண்டா? அப்புறம், 350-இன் இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே சீராக ஓட மாட்டேன் என்கின்றன. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் கார்புரேட்டருக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், விழுந்ததற்கு மூன்று வரி. அந்த மூன்று வரியிலும் ஒரு வரி, வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள் என்பது. நீங்கள் கேட்கும் அடையாளம் அந்த வரியில்தான் இருக்கிறது.

விழுந்ததை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர் ஒருமுறைகூட விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அறுப்பு நேரத்தில் ஆற்றங்கரைச் சாலையில் காய்கிற வைக்கோலில், அதுவும் தைப்பனி இறங்கிய காலையில், இருபத்தைந்து வயதுப் பையனும் சறுக்குவான். டியூக்கில் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள். நேராகப் போகும்போது அழுத்திப் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காப்பாற்றும். வண்டியைச் சாய்த்து வளைவில் போகும்போது டயருக்கும் தாருக்கும் நடுவில் வைக்கோல் புகுந்துவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

விழுந்ததை மறைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. இருபத்தைந்து வயதில் விழுந்தபோது மறைத்தீர்களா? சிராய்ப்பை எல்லாருக்கும் காட்டி, எந்த மதகு, எந்தத் திருப்பம், எத்தனை வேகம் என்று டீக்கடையில் கதையாகச் சொல்லியிருப்பீர்கள். இப்போது சொல்லவில்லை. சொன்னால் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த முடிவு உங்கள் மனசிலும் பாதி வந்துவிட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் மறைத்தவன். உங்களைவிட ஏழு வயது மூத்தவன். 27 வருடம் பழைய புல்லட் ஓட்டினேன். அதில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முழங்கால் வலியால் கிக்கரை உதைக்க முடியாமல் போனதும், பட்டன் ஸ்டார்ட் உள்ள புது வண்டிக்கு மாறினேன். அதில் எல்லாம் நேர்மாறு. ஒரு வருடம் ஓட்டிப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் திருவையாறு போகிற வழியில், சந்திலிருந்து சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பெண் சட்டென்று வந்தாள். என் இடது கால் ஓங்கி அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை, கியர் லீவர்தான் இருந்தது. வண்டி நின்றபோது அவளுடைய பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டாள். நான் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் ராத்திரியில் அந்தச் சைக்கிள் கேரியரில் இருந்த டிபன் பாக்ஸ் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரமே வண்டியை விற்றேன். அப்போது எனக்கு 63.

இதை எல்லாம் வைத்து 63-இல் விட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எழுபதில் நிதானமாக ஓட்டுகிறவர்களும் உண்டு, ஐம்பதிலேயே விட்டிருக்க வேண்டியவர்களும் உண்டு. வயதை ஓரமாக வைத்துவிட்டு உடம்பைப் பாருங்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்று வாங்குவீர்கள், சரி. ஆனால் நம் வயதில் அது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஐந்து வருடத்தில் உடம்பு எவ்வளவோ மாறிவிடும்.

முதலில் கால். எட்டு வருடச் சர்க்கரை என்கிறீர்கள். பாதத்தில் உணர்ச்சி மெதுவாகக் குறைவது குறைகிறவருக்கே தெரியாது. பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்வது வலது பாதம்தான். சர்க்கரை மருத்துவரிடம் போனால் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்ப்பார். ஐந்து நிமிட வேலை. வண்டி ஓட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லியே கேளுங்கள். சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு விடிகாலையில் கிளம்புகிற பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையைச் சரேலென்று இறக்கிவிடும். கண் இருளுவதற்கு முன்னால் புத்தி மந்தமாகும். அது மந்தமாகிவிட்டது என்பதும் அந்த நேரத்தில் தெரியாது.

அடுத்தது கண். புரை உள்ள கண்ணில் எதிர் விளக்கு பட்டால் வெளிச்சம் சிதறிப் பரவும். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் சாலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நம் ஊர்ச் சாலையில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தார்ப்பாய் போட்டு மூடி, காற்றில் பறக்காமல் கல் வைத்த நெல் குவியல். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர். சேற்றில் உழ மாட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீலோடு வயலில் இருந்து ஏறிவந்த டிராக்டர் விட்டுப்போன சேறு. சாலையைவிடக் குறுகலான மதகுப் பாலம், அதற்குக் கைப்பிடிச் சுவர்கூட இருக்காது, கீழே வாய்க்கால். ஆகவே இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்து முடிக்கிற வரைக்கும் பொழுது சாய்ந்தபின் வண்டியைத் தொடாதீர்கள். இதில் சமரசம் வேண்டாம். கண் மருத்துவரிடம் கண் அழுத்தத்தையும் பக்கவாட்டுப் பார்வையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்துப் பார்வை குறைவது கடைசி வரைக்கும் தெரியாமலே இருக்கலாம். ஆடு எப்போதும் ஓரத்திலிருந்துதான் வரும்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 80-இல் போகும்போது ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம். ஒரு மாட்டைப் பார்த்து, பிரேக்கில் விரல் விழ உங்களுக்கு முன்பைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நொடியில் 11 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம், பிரேக்கே பிடிக்காமல் போய்விடும். 50-இல் அதே அரை நொடிக்கு 7 மீட்டர். வயது எடுத்துக்கொண்ட அரை நொடியை வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வாங்க முடியும்.

இனி மூன்று வண்டிகளுக்கு வருகிறேன். பையன் சொல்கிற மாதிரி மூன்றையும் ஒரே நாளில் விற்க வேண்டாம். டியூக்கை மட்டும் விற்றுவிடுங்கள். அது குறையுள்ள வண்டி என்பதால் சொல்லவில்லை. பிரேக் என்று பார்த்தால் மூன்றில் அதுதான் உசத்தி. ஆனால் 373 சிசி, 43 குதிரைத்திறன், கையில் லேசாக நிற்கிற உடம்பு. கொஞ்சம் முறுக்கினால் நாம் மீட்டரைப் பார்ப்பதற்குள் நூறைத் தொட்டுவிடுகிறது. மெதுவாகப் போகலாம் என்று கிளம்புகிறவரையும் அது மெதுவாகப் போக விடாது. உங்கள் கடிதத்தில் அந்த வண்டியைப் பற்றி எழுதியது முழுக்க வேகம்தான். வாசனையோ சத்தமோ ஞாபகமோ ஒன்றும் இல்லை. அதை விட்டால் உங்களுக்கு வலிக்காது என்று எனக்குப் படுகிறது.

350 வேறு. அப்பா வாங்கித் தந்தது. விற்காதீர்கள். ஆனால் அதையும் பழைய மாதிரி ஓட்டாதீர்கள். 1980-களிலேயே அந்த வண்டி எத்தனையோ பேரைக் கீழே தள்ளியிருக்கிறது. 30 குதிரைத்திறனைக் கொடுத்துவிட்டு நிறுத்துவதற்கு டிரம் பிரேக்கைக் கொடுத்தார்கள். டூ ஸ்ட்ரோக் என்பதால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த வண்டியை ஓட்டுகிறவர்கள், சட்டென்று இழுத்துச் சக்கரத்தை விடுவிக்க, கிளட்ச் மேல் எப்போதும் இரண்டு விரல் வைத்திருப்பார்கள். அந்த இரண்டு விரல்கள் இன்னும் அதே சுறுசுறுப்போடு இருக்கின்றனவா என்று நேர்மையாகப் பாருங்கள். இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிச்சம் நன்றாக வந்தபின், தெரிந்த சாலையில், 50-க்குள். பின்னால் பேரப்பிள்ளையை ஏற்றக் கூடாது. அறுப்பு முடிந்து சாலை சுத்தமாகிற வரைக்கும் ஆற்றங்கரைப் பக்கம் போக வேண்டாம். செருப்போடு ஓட்டாதீர்கள். கணுக்காலை மூடுகிற ஷூ போட்டிருந்தால் அன்றைக்கு வீக்கம் குறைந்திருக்கலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்த வண்டியின் நாடி நரம்பு தெரிந்த ஆள் உங்கள் வட்டாரத்தில் இனி எத்தனை பேர் இருப்பார்கள்? உங்கள் கை நடுங்காமல் இருக்கும்போதே ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொந்தக்காரப் பையனாக இருக்கலாம், மெக்கானிக் பட்டறையில் வேலை செய்கிற பையனாகவும் இருக்கலாம். எந்த உதையில் எடுக்கும், எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும் என்று. வண்டியின் பதிவுச் சான்றை (ஆர்.சி.) ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை அந்தத் தேதி வரும்போது, அது யார் பெயரில் இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

ஆர்எக்ஸ் 100 கடைசி வரைக்கும் இருக்கட்டும். ஏறக்குறைய நூறு கிலோதான். வயலுக்குப் போக, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எப்போது எடுப்பார்கள் என்று பார்த்துவர அது போதும். அதைக் கீழே படுக்க வைத்து, யார் உதவியும் இல்லாமல் தூக்கி நிறுத்திப் பாருங்கள். வருடம் ஒருமுறை, பொங்கலுக்கு வண்டியைக் கழுவுகிற அன்றைக்குச் செய்யுங்கள். தூக்க முடியாத வருடம், அதையும் கொடுத்துவிடலாம்.

கிழவனாகிவிடுவேனோ என்கிறீர்கள். நடைப்பயிற்சி போங்கள், பேரப்பிள்ளையோடு விளையாடுங்கள் என்று சொல்லி அந்த வலியை நான் மூட மாட்டேன். ஆற்றுப்பக்கம் பனி கலைகிற நேரத்தில் தனியாக ஓடுகிற ஒரு வண்டிக்கு ஈடாக எதுவும் கிடையாது. நான் விட்டு ஆறு வருடமாகிறது. ஜூனில் மேட்டூர் திறந்து கல்லணை தாண்டித் தண்ணீர் வந்த செய்தி கேட்டால் இன்றைக்கும் வலது மணிக்கட்டு தானாக முறுக்கிக்கொள்கிறது. அது போகவில்லை. போகும் என்று உங்களிடம் பொய் சொல்லவும் எனக்கு மனசில்லை. ஆனால் அந்த டிபன் பாக்ஸ் இப்போது ராத்திரியில் வருவதில்லை.

இந்த வாரம் சாவகாசமான ஒரு சாயங்காலம் பார்த்து, கணுக்கால் எப்படி வீங்கியது என்று உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஹெல்மெட்டில் இருக்கிற கீறலை அவர் பார்க்காமலா இருப்பார்? சொன்னபிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். கார்புரேட்டர் கேபிள்கள் இரண்டையும் எப்படிச் சமமாக வைப்பது என்று அப்போது விரிவாக எழுதுகிறேன்.