கேபிளை எடுத்துவிடலாமா? – கேள்வி பதில்

கேபிளுக்கு மாதம் 350 ரூபாய் போகிறது. அம்மா பார்ப்பது ஐந்தே சேனல். "பேக்கேஜ்தான் சார், தனியா கிடையாது" என்கிறார் ஆபரேட்டர். ஓடிடிக்கு மாறிவிடலாமா? – மதுரை

அவர் சொல்வது பொய். சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2019 முதலே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி தருகிறது. அதை மறைத்து, பார்க்காத சேனலுக்கும் வசூலிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ரிமோட்டில் கைடு பட்டனை அழுத்தினால் கட்டணச் சேனல்களின் தனி விலை தெரியும். தொகுப்பில் இடம்பெற வேண்டுமானால் ஒரு சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதனால் பெரிய சேனல்கள் பலவும் 19-ஐ ஒட்டியே இருக்கும். ஐந்துக்கு 95. சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவர ஆபரேட்டர் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் 130 என்றால் மொத்தம் 225. 18 சதவீத ஜிஎஸ்டியோடு 265.50. இலவச சேனல்களும் இதற்குள்ளேயே வந்துவிடும். 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். உங்களிடம் எவ்வளவு வாங்குகிறார் என்று பில்லில் பாருங்கள். வேண்டிய சேனல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் ஓடிடி இதைவிட மலிவாக வராது.

ஆண்டுச் சந்தா மலிவாகக் கிடைத்தது. டிவியில் ஓடவில்லை. பணம் திரும்புமா? – நாகர்கோவில்

திரும்பாது. நீங்கள் வாங்கியது போனில் மட்டும் ஓடும் மொபைல் பிளான். பணம் கட்டும் முன் அந்த ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும். நானும் இப்படி ஓர் ஆண்டுச் சந்தாவை வீணாக்கியிருக்கிறேன். எதுவானாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

ஐபிஎல் பார்க்கும்போது பக்கத்து வீட்டில் முதலில் கத்துகிறார்கள். நெட் வேகத்தைக் கூட்டலாமா? – திருப்பூர்

கூட்டிப் பயனில்லை. நேரலையைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சேமித்து அனுப்புவதால் கேபிளைவிட அரை நிமிடம்கூடப் பிந்தும். கிரிக்கெட்தான் முக்கியம் என்றால் கேபிளை வைத்திருங்கள். படம் நின்று நின்று ஓடினால் மட்டும், ரவுட்டரிலிருந்து டிவிக்கு லேன் வயர் இழுங்கள்.

தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவில் டிவி பார்க்கலாமா? – தேனி

எச்டி என்றால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஆப்பை நீக்கிவிட்டேன். மாதாமாதம் பணம் போகிறது. – விழுப்புரம்

ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள்.

"ஆயுள் முழுக்க எல்லா சேனலும் இலவசம்" என்று 3,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி விற்றார்கள். மூன்றே மாதத்தில் படம் நின்றுவிட்டது. விற்றவர் போனை எடுப்பதில்லை. – சேலம்

உங்களைத் திட்டமிட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரிமம் இல்லாமல் எங்கோ ஒரு சர்வரிலிருந்து சேனல்களை இழுக்கும் பெட்டி அது. சர்வரை முடக்கினால் படம் போய்விடும். யுபிஐ பரிவர்த்தனை எண், அவருடைய போன் எண், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். பெட்டியில் உங்கள் கூகுள் கணக்கு இருந்தால், அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு: போனில் கூகுள் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலில் அந்தப் பெட்டியை வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.