பழைய லென்ஸ்களைச் சேர்ப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடம் முன்பு மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமரா வாங்கினேன். பின்னணி சுழல்வதுபோல் இருக்கும் சில படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸ் ஒன்றையும், அதை என் கேமராவில் பொருத்த அடாப்டரையும் வாங்கினேன். அது நன்றாக இருந்ததால் அடுத்தது, அப்புறம் இன்னொன்று என்று போய், இப்போது என்னிடம் பதினான்கு பழைய லென்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து 50 எம்.எம்., மூன்று 135 எம்.எம். 50 எம்.எம்.-களில் ஒன்றான டக்குமார் என்ற பென்டாக்ஸ் லென்ஸின் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. ஒரு 135-க்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது.

என் நண்பர், "இன்றைக்கு வரும் சாதாரண லென்ஸ்கூட இவை எல்லாவற்றையும்விடத் துல்லியமானது, மொத்தமாக விற்றுவிடு" என்கிறார். அவர் சொல்வதில் ஏதோ விடுபடுகிறது என்று தோன்றுகிறது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் இருப்பதைச் சேகரிப்பு என்று சொல்லலாமா? எதை வைத்துச் சேர்ப்பது, எதை விடுவது?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர் சொல்வது உண்மைதான். மூலைக்கு மூலை கூர்மை வேண்டும், எதிர்வெளிச்சத்திலும் கான்ட்ராஸ்ட் குறையக்கூடாது என்றால் புதிய லென்ஸ்தான் சரி. அதில் வாதாட ஒன்றுமில்லை. விடுபடுவது வேறு. ஒரு லென்ஸில் வரும் பிழைகள் எல்லாவற்றையும் ஒருசேரத் திருத்தும் வசதி அந்தக் காலத்தில் கிடையாது. காகிதத்தில் கணக்குப் போட்டார்கள், கிடைத்த கண்ணாடி வகைகளும் குறைவு. ஆகவே எந்தப் பிழையை அடக்குவது, எதைப் போனால் போகட்டும் என்று விடுவது என்று வடிவமைத்தவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவு படத்தில் அப்படியே தெரியும். நான் பழைய லென்ஸ்களை விரும்புவது அதற்காகத்தான்.

அதனால் என் யோசனை இது. பிராண்டை வைத்தோ, ஃபோகல் லெங்த்தை (50, 135 எம்.எம். என்ற அந்த எண்ணை) வைத்தோ, எஃப் எண்ணை (லென்ஸின் திறப்பைச் சொல்வது; எண் சிறிதானால் திறப்பு பெரிது) வைத்தோ சேர்க்காதீர்கள். உள்ளே வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையை வைத்துச் சேருங்கள். உங்களிடம் இருக்கும் ஐந்து 50 எம்.எம். லென்ஸ்களும் ஐந்து கம்பெனிகள் செய்தவையாக இருக்கலாம். ஆனால் எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை கேமரா) காலத்து 50 எம்.எம். எஃப்/1.8, எஃப்/1.4 லென்ஸ்கள் அநேகமாக எல்லாமே டபுள் காஸ் என்ற ஒரே குடும்பம். ஐந்தையும் எஃப்/5.6-இல் வைத்து ஒரே காட்சியை எடுத்துக் கலைத்துப் போட்டால், எது எதில் எடுத்தது என்று சொல்லத் திணறுவீர்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய குடும்பங்கள் நான்கு: ட்ரிப்ளெட், டெஸ்ஸார், சோனார், டபுள் காஸ். இவற்றுக்கு இடையில் ஒரு கதை இருக்கிறது. அது தெரிந்தால் எந்த லென்ஸைக் கையில் எடுத்தாலும் வேறு மாதிரி பார்ப்பீர்கள்.

ட்ரிப்ளெட் 1893-இல் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்தது. தனித்தனியாக நிற்கும் மூன்றே வில்லைகள். ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் 1896-இல் ஆறு வில்லைகள் கொண்ட பிளானாரைக் கொண்டுவந்தார். அதுதான் பின்னாளைய டபுள் காஸ் லென்ஸ்களின் முன்னோடி. அதே ருடால்ஃப் 1902-இல் நான்கே வில்லைகளில் டெஸ்ஸாரைச் செய்தார். கணக்குப்படி பிளானார் திறமையான லென்ஸ். ஆனால் அதற்கு அடுத்த பல பத்தாண்டுகள் உலகத்தை ஆண்டது டெஸ்ஸார்.

காரணம், அப்போது கோட்டிங் (ஒளி திரும்பிப் போவதைக் குறைக்கக் கண்ணாடி மேல் படியவைக்கும் மெல்லிய படலம்) கிடையாது. கோட்டிங் இல்லாத கண்ணாடியில் காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பும் 4 முதல் 5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். டெஸ்ஸாரில் அப்படி 6 பரப்புகள், பிளானாரில் 8. பரப்புக்கு 4 சதவீதம் என்று வைத்தாலும் டெஸ்ஸாரில் 78 சதவீத ஒளியும் பிளானாரில் 72 சதவீதமும்தான் மறுபக்கம் போகும். திரும்பிய ஒளியும் சும்மா இருப்பதில்லை. வில்லைகளுக்குள் முட்டி மோதி, படத்தின் மேல் ஒரு வெள்ளைத் திரையாக வந்து விழும். கறுப்பு சாம்பலாகிவிடும். அந்த இரண்டு பரப்புகள் செய்த வித்தியாசம் அது.

1932-இல் கான்டாக்ஸ் கேமராவோடு வந்த சோனார் 50 எம்.எம். எஃப்/2-ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். அதை வடிவமைத்த லூட்விக் பெர்டெலே ஆறு வில்லைகளைப் பயன்படுத்தினார். ஆனால் அவற்றை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கிவிட்டார். அதாவது எஃப்/2 வெளிச்சம், ஆனால் டெஸ்ஸாருக்கு இருக்கும் அதே 6 பரப்புகள். கோட்டிங் இல்லாத குறையை வடிவமைப்பாலேயே சமாளித்திருக்கிறார்.

சில ஆண்டுகளில் கோட்டிங் வந்துவிட்டது. 1935-இல் ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா வெற்றிடத்தில் கண்ணாடி மேல் மெல்லிய படலம் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இதன் விதை டெய்லரிடமே இருந்தது. நாள்பட்டு நிறம் மங்கிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதை அவர் 1890-களிலேயே கவனித்திருந்தார். (உலகப் போருக்கு முந்தைய லென்ஸ் எப்போதாவது உங்கள் கைக்கு வந்து, முன் கண்ணாடியில் நீலமாக ஒரு சாயல் தெரிந்தால், அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். அது லென்ஸுக்கு நன்மை செய்கிறது.) கோட்டிங் பரவிய பிறகு இரண்டு பரப்புகள் கூடினால் என்ன என்ற நிலை வந்தது. டபுள் காஸ் ஓங்கியது. உங்களிடம் ஐந்து 50 எம்.எம். ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் வரலாற்றுக் காரணம்.

சரி, இனி உங்கள் ஹீலியோஸ். அது ஸைஸின் பயோட்டார் 58 எம்.எம். எஃப்/2-ஐப் பின்பற்றி சோவியத் யூனியனில் செய்தது. ஆறு வில்லைகள், நான்கு தொகுதிகள், டபுள் காஸ். அந்தச் சுழல் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். அப்பெர்ச்சரை (இதழ்களால் ஆன திறப்பை) எஃப்/2-இல் முழுக்கத் திறந்துவிட்டு, லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நேராகப் பார்த்தால் வட்டம். மெதுவாகச் சாய்த்தால் முன் விளிம்பும் பின் விளிம்பும் வட்டத்தை இரு பக்கமும் வெட்டி, அதைக் கண் வடிவமாக்கும். படத்தின் ஓரங்களில் ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் இந்த வடிவத்தில்தான் விழுகிறது. எல்லாம் நடுவைச் சுற்றி வரிசை கட்டி நிற்பதால் கண்ணுக்குச் சுழல்வதாகத் தெரிகிறது. இலைகளுக்கு ஊடே வானம் பொட்டுப் பொட்டாகத் தெரியும் பின்னணியும், இரண்டு மீட்டர் போல தூரத்தில் ஆளும் இருந்தால் இது நன்றாக வரும். வெற்றுச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் ஒன்றுமே வராது. எஃப்/4-க்குப் போனால் வெட்டு மறைந்துவிடும், சுழலும் போய்விடும்.

ட்ரிப்ளெட்டுக்கு மெயர் ஆப்டிக்கின் ட்ரையோபிளான் 100 எம்.எம். எஃப்/2.8 பெயர்போனது. ஒளிப்புள்ளிகள் சோப்புக் குமிழிபோல விளிம்பு மின்ன வரும். புகழ் வந்ததும் விலையும் ஏறிவிட்டது. அதே கம்பெனியின் டோமிபிளான் 50 எம்.எம். எஃப்/2.8-ம் ட்ரிப்ளெட்தான், குமிழி அதிலும் வரும். கட்டுமானம் சுமார், அப்பெர்ச்சர் இதழ்கள் சிக்கிக்கொள்வது சகஜம். அதன் பின்பக்கத்துச் சிறு ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்புள்ள அடாப்டர் வேண்டும், இல்லையென்றால் இதழ்கள் மூடாது. டெஸ்ஸாருக்கு இண்டஸ்டார் 50-2 போதும். கேமரா மூடிபோல் சின்னது. அதன் பொக்கேயை (பின்னணி மங்கும் அழகை) யாரும் புகழ மாட்டார்கள். ஆனால் எஃப்/8-இல் அது தரும் தெளிவில் ஒரு நேர்மை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடிக்கும். சோனாருக்கு ஜூபிட்டர்-9, 85 எம்.எம். எஃப்/2. பெரும்பாலும் 15 இதழ்கள், அதனால் எந்த எண்ணில் வைத்தாலும் திறப்பு வட்டமாகவே இருக்கும். முழுக்கத் திறந்தால் முகத்தின் மேல் ஒரு மெல்லிய ஒளிர்வு படியும். கண் இமை தெளிவாக இருக்கும், கன்னம் மென்மையாகிவிடும். இன்றைய லென்ஸில் எடுத்த படத்தை மென்பொருளில் எவ்வளவு மழுக்கினாலும் அந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவதில்லை.

இவை எல்லாவற்றையும் எம்42 மவுண்டில் (கேமராவில் திருகிப் பொருத்தும் ஒரு பழைய முறை) வாங்க முடியும். எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மிரர்லெஸ்களில் மவுண்ட் அதைவிட மிகவும் கிட்டத்தில் இருக்கிறது: சோனி ஈ 18, நிக்கான் ஸெட் 16, கேனான் ஆர்.எஃப். 20 மில்லிமீட்டர். இடையில் வெறும் குழாய் போதும், கண்ணாடி உள்ள அடாப்டர் வேண்டாம். ஒரு நல்ல அடாப்டர், ஒரே மவுண்ட் என்று வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

வாங்கும்போது பெயரைவிட நிலைமை முக்கியம். முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, அப்பெர்ச்சரைத் திறந்து, இருட்டில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் இது. தூசி தெரிந்தால் கவலை வேண்டாம், எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. மூச்சுக் காற்று படிந்ததுபோல் சீரான மங்கல் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது படத்தின் கான்ட்ராஸ்டையே தின்றுவிடும். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய வில்லைகள் பிரிகின்றன, அதைச் சரிசெய்வது பெரிய வேலை. இதழ்களில் எண்ணெய் இருந்தால், அது எந்த லென்ஸ் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஹீலியோஸ் 44-2-இல் இதழ்களை நாமே வளையத்தால் திருப்புகிறோம், அங்கே எண்ணெய் பெரிய குற்றமில்லை. ஸ்பிரிங் விசையில் சட்டென்று மூட வேண்டிய லென்ஸில் அதே எண்ணெய் இதழ்களை ஒட்டிவைத்துவிடும்.

உங்கள் 135-க்குள் படர்ந்திருப்பது பூஞ்சை. ஈரப்பதத்தில் வளரும், விடும் அமிலம் கோட்டிங்கையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். முதல் வேலையாக அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். மீதியை ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் மூடிய பெட்டியில் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துங்கள். பழைய தோல் உறைகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லென்ஸை அதில் வைக்காதீர்கள்.

மஞ்சளாகிப்போன டக்குமாரை மட்டும் விற்றுவிடாதீர்கள். அது எஃப்/1.4 ஆக இருந்தால், அதன் ஒரு வில்லையில் தோரியம் கலந்திருக்கும். ஒளியை அதிகம் வளைக்க, அதே நேரம் நிறங்களை அதிகம் சிதறவிடாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். அதன் கதிர்வீச்சு நாளடைவில் கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. புற ஊதா எல்.இ.டி. விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். வெயிலில் வைப்பவர்களும் உண்டு. ஆனால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் தீப்பிடிக்க வைத்துவிடும், அதனால் எனக்கு அதில் சம்மதமில்லை. கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியைப் பிரித்துத் தேய்ப்பது மட்டும் கூடாது.

சேகரிப்பு என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இல்லை. ஐந்து 50-களில் டக்குமாரை வைத்துக்கொள்ளுங்கள், ஹீலியோஸ் இருக்கட்டும். 135-களில் கண்ணாடி சுத்தமாக இருக்கும் ஒன்று போதும். மீதியைக் கொடுத்துவிட்டு, இண்டஸ்டாரும் டோமிபிளானும் வாங்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரு மாதமாவது கேமராவிலிருந்து கழற்றாமல் பயன்படுத்திப் பாருங்கள். பூஞ்சை உள்ளதை விற்றால் அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். ஜூபிட்டர்-9-க்கு அவசரப்படாதீர்கள். கைக்குக் கை மாறியவற்றில் பல, யாரோ பிரித்துக் கிரீஸ் மாற்றித் தப்பாகப் பூட்டியவை. வாங்கும் முன் தூரத்தில் இருக்கும் கட்டிடத்துக்கு முடிவிலியில் ஃபோகஸ் வருகிறதா என்று கேமராவில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.