வான்கோழி காரணமில்லாமல் சாகிறதா? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: கோழிகளோடு ஒரே கொட்டகையில்தான் வளர்கின்றன. மூன்று மாத வான்கோழிகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, கோழிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எப்படி?

பதில்: கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் இதில் துப்பே. கருந்தலை நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் (பெயர்தான் அப்படி, தலை கறுப்பது அபூர்வம்). ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி கோழியின் குடற்புழு முட்டைக்குள் ஒளிந்துகொண்டு எச்சத்தோடு வெளியே வரும், அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும், மண்புழு அதைத் தின்னும், மண்புழுவை வான்கோழி தின்னும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வான்கோழி தாங்காது. இறக்கை தொங்கி, தூங்கி வழிந்து, கந்தக மஞ்சளில் கழிந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஈரலில் வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த புண்கள் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. பல நாடுகளில் இதற்கு அனுமதிக்கப்பட்ட மருந்தே இல்லை. அதனால் மீதி இருப்பவற்றை, கோழி கால்வைக்காத இடத்துக்கு இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தீவனமும் தண்ணீரும் நிறைய வைத்தும் நான்காம் நாளில் குஞ்சுகள் சாகின்றன.

பதில்: வைத்தீர்கள் சரி, தின்றனவா? வான்கோழிக் குஞ்சுக்குத் தின்னவே கற்றுக்கொடுக்க வேண்டும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு முதல் இரண்டு மூன்று நாள் தாங்கும், அது தீர்ந்ததும் பட்டினியில் போய்விடும். இரவில் குஞ்சைக் கையில் எடுத்துத் தீனிப்பையைத் தடவுங்கள்: காலியாக இருந்தாலோ கூளம் நெருடினாலோ விஷயம் அதுதான். வந்த அன்றே அலகைத் தண்ணீரில் நனைத்து விடுங்கள். தண்ணீர்த் தட்டில் இரண்டு பளபளக்கும் கோலிக்குண்டு போட்டால் கொத்த வரும், கொத்தப்போய்க் குடித்துப் பழகும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடும் வேண்டும், குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும்.

கேள்வி: மாலை வரை தோகை விரித்து நின்ற பெரிய ஆண், காலையில் செத்துக் கிடந்தது. யாராவது விஷம் வைத்திருப்பார்களா?

பதில்: அக்கம்பக்கத்தாரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் வாயைப் பாருங்கள். வேகமாகக் கொழுத்த ஆண்களுக்குப் பெருந்தமனி வெடிப்பது உண்டு, வாயில் ரத்தம் இருக்கும், திறந்து பார்த்தால் வயிறு முழுக்க ரத்தக்கட்டி. ஒன்று செத்தால் இப்படி. ஒரே இரவில் பல செத்தால் கோழிக் காலராவோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம், வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிராய்லர் தீவனம் போடலாமா?

பதில்: மூட்டைச் சீட்டைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். ரத்தக் கழிச்சலுக்காகக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் சாலினோமைசின், வளர்ந்த வான்கோழிக்கு அதே அளவிலேயே விஷம். கால் செயலிழந்து விழுந்துவிடும்.

கேள்வி: செத்ததைப் பரிசோதனைக்கு எடுத்துப்போக மறுநாள் ஆகும். உறைய வைக்கலாமா?

பதில்: வேண்டாம், உறைந்தால் திசு கெட்டுவிடும். இரண்டு பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் போட்டு, ஒரு நாளுக்குள் கொண்டுபோங்கள். தீவனத்தில் ஒரு கைப்பிடியும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.